உங்களுக்குத் தெரியுமா? வட்டுகள் இரண்டு, கோப்பமைப்பு ஒன்று

ஒரே தரவை இரண்டு வன்வட்டுகளில் ஒருசேர எழுதிவைக்கும் பிம்பமாக்கல் முறை, 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் 'ரெய்டு 1' என வகைப்படுத்தப்பட்டது. எனினும் டான்டம் நிறுவனத்தின் கணினிகளில் அது முன்பே வழக்கில் இருந்தது.

லினக்ஸில் இவ்வாறு இணைக்கப்படும் வட்டுகள் 'எம்டி0' போன்ற பெயருடைய ஒற்றைச் சாதனமாகத் தோன்றுவதால், ஃபார்மேட் செய்தல், அதாவது கோப்புகளின் பெயரையும் இடத்தையும் பதிந்துவைக்கும் கோப்பமைப்பை உருவாக்குதல், அந்தக் கூட்டுச் சாதனத்தின்மீது நிகழவேண்டுமேயன்றி உறுப்பு வட்டுகளின்மீது தனித்தனியே நிகழலாகாது. 4 டெராபைட் வட்டுடன் 6 டெராபைட் வட்டை இணைத்தால் கிடைப்பது 4 டெராபைட்டே. வட்டுகள் வெறுமையாக இருப்பினும், ஒன்றின் ஒவ்வொரு பகுதியையும் மற்றொன்றில் படியெடுக்கும் முதல் ஒத்திசைவு பல மணிநேரம் நீளக்கூடும்; ஆயினும் அது முடியும்வரை காத்திராமலே ஃபார்மேட் செய்து பயன்படுத்தத் தொடங்கலாம். நலமாயுள்ள கூட்டுச் சாதனத்தின் நிலையைக் காட்டும் கோப்பில் அருகருகே காணப்படும் இரண்டு 'யூ' எழுத்துகளில் ஒன்று, வட்டு பழுதானதும் அடிக்கோடாக மாறிவிடும், பணியோ தடைப்படாது. இந்த ஏற்பாட்டையே காப்புநகல் எனக் கருதுவதுதான் பரவலான பிழை: தவறுதலாக அழிக்கப்படும் கோப்பு இரு வட்டுகளிலிருந்தும் ஒருசேர நீங்கிவிடும்.