ஆடலரங்கில் கணிப்பொறி

சிலப்பதிகார அரங்கேற்றுகாதை ஆடலரங்கின் அளவுகளைக் கூறுவதோடு, தூண்களின் நிழல் அரங்கில் விழாவண்ணம் விளக்கு நிறுத்திய முறையையும் கூறுகின்றது. அரங்கக் கருவி ஆடலை மறைத்தலாகாது என்பது இதனாற் பெறப்படும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், மேலை நாட்டு அரங்குகளில் ஒலியும் ஒளியும் ஆடுவோர்க்கு மறுமொழி தரத் தலைப்பட்டன. இப்புதிய கருவி ஆடலுக்கு ஏவல் செய்கின்றதா, அன்றி ஆடலை ஏவுகின்றதா என்பதை மூன்று ஆடல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, 1965-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'வேரியேஷன்ஸ் ஃபைவ்'. மெர்ஸ் கன்னிங்ஹாம் ஆடலை அமைத்தார். ஜான் கேஜ் இசையை அமைத்தார். ராபர்ட் மூக் ஆக்கிய மின்னுணர் கம்பங்கள் அரங்கில் நிறுத்தப்பட்டன. ஆடுவோர் அவற்றை அணுகியவழி மின்குறி எழுந்து இசைக்கருவிகளைச் சென்றடைந்தது. ஆயினும், எவ்வொலி எவ்வளவு கேட்டல் வேண்டும் என்பதை இசைவாணரும் உடனிருந்து வரையறுத்தனர். ஆகவே, இன்ன அசைவுக்கு இன்ன ஒலி என்னும் தொடர்பு காண்போர்க்கு எளிதிற் புலனாவதன்று. இதிற் கணிப்பொறி இல்லை. எனினும், உடலே கருவியை இயக்கும் என்னும் நெறிக்கு இது முன்னோடியாகும்.

இரண்டாவது, அவரே 1999-இல் அமைத்த 'பைபெட்'. ஆடுவோர் உடலிற் பொருத்திய குறிகளைப் படக்கருவிகள் தொடர்ந்து, அசைவை மட்டும் எண்களாகப் பதிந்தன. அவ்வெண்களைக் கொண்டு பால் கைசரும் ஷெல்லி எஷ்கரும் ஆக்கிய உருவங்கள் அரங்கின் முன் தொங்கிய மெல்லிய திரையில் தோன்றின. அவை அழகியவை, ஆயின் முன்னரே முடிந்தவை. ஆடுபவர் காலந்தாழ்த்தின் அவை காத்திரா.

மூன்றாவது, ஆஸ்திரேலியாவில் கிடியன் ஒபர்சானெக்கும் பிரீடர் வைஸும் 2006-இல் படைத்த 'குளோ'. இது தனியொருவர் ஆடுவது. மேலிருக்கும் படக்கருவி அகச்சிவப்பு ஒளியால் ஆடுபவரின் உருவெல்லையைக் காண்கின்றது. தரையில் வீழ்த்தப்படும் ஒளியோ கட்புலனாவது. ஒன்று மற்றொன்றிற் கலவாமையின், தான் வீழ்த்திய படத்தையே உடலெனக் கருவி மயங்குவதில்லை. கணிப்பொறி அவ்வெல்லையை அப்போதைக்கப்போதே கணித்து ஒளியை உடலைச் சூழப் பரப்புகின்றது. அசைவு வேறுபட ஒளியும் வேறுபடும்.

இவற்றை ஒப்புநோக்கின், 'பைபெட்' ஆடுவோர் பதிவின் காலத்திற்குக் கட்டுப்பட்டோர் என்பதும், 'குளோ' ஆடுபவர் அக்கட்டினின்று நீங்கியவர் என்பதும் விளங்கும். எனினும் பின்னவர்க்கும் ஒரு தளை உண்டு. கருவியின் பார்வையெல்லையை அவர் கடத்தலாகாது. அன்றியும், மேலிருந்து உருவெல்லையை மட்டும் காணும் கருவிக்கு முகக்குறிப்பும் கண்ணின் நோக்கமும் எட்டா. மெய்ப்பாட்டை உயிராகக் கொண்ட நம் ஆடல்களில் இம்முறையைப் புகுத்த விழைவோர் முதற்கண் எண்ணத்தக்கது இதுவே. கை பெரிதாக வீசினால் ஒளி பெருகும். புருவம் நெரிந்தால் ஒன்றும் நிகழாது. ஒளியின் பொருட்டு ஆடுபவர் கையையே மிகுதியும் வீசத் தொடங்குவாராயின், கருவி ஆடலை ஏவுகின்றது என்பதே பொருள். ஒளியை நீக்கிய பின்னரும் ஆடல் எஞ்சுகின்றதா என்பதே திறனாய்வாளர் கொள்ளத்தகும் அளவுகோல் என நாம் கருதுகின்றோம்.