கறுப்புக் கண்ணாடி அப்பாயியும் கறை படிந்த பேச்சிலர்களும்!

பேச்சிலர்கள் குடியிருக்கும் வீட்டைக் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். வாசலில் ஏழு ஜோடி செருப்பு கிடக்கும். உள்ளே இரண்டே பேர்தான் இருப்பார்கள். கொடியில் தொங்குகிற துண்டு துவைத்ததா, இனிமேல்தான் துவைக்கப் போவதா என்பதை முகர்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். பாத்ரூம் பக்கெட் முதலில் என்ன கலரில் இருந்தது என்று கேட்டால், வாங்கினவனே முழிப்பான்!

வேளச்சேரியில் நானும் என் ரூம்மேட்டும் இருந்த வீடும் அப்படித்தான் இருந்தது... கும்பகோணத்திலிருந்து என் அப்பாயி வந்து இறங்கும் வரை.

அப்பாயி வந்தது எங்களைத் திருத்த அல்ல, கண்புரை ஆபரேஷனுக்கு. 'குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் போகக் கூடாது' என்று நீளமாக ஒரு லிஸ்ட் கொடுத்து, கறுப்புக் கண்ணாடியும் மாட்டி அனுப்பினார் டாக்டர். 'அப்பாடா, கண்ணாடியைக் கழற்றுவதற்குள் வீட்டை ஒழுங்கு பண்ணிவிடலாம்' என்று நிம்மதியானோம். அப்பாயிக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டோம்.

"ஏன்டா தம்பி, தொட்டியில பாத்திரம் எத்தினி நாளா கெடக்கு?"

"நேத்து ராத்திரிதான் அப்பாயி..."

"பொய் சொல்லாதே. ஊசிப்போன சாம்பார் வாடை அடிக்குது. மூணு நாளாவது இருக்கும்."

அன்றைக்குச் சனிக்கிழமை. சாம்பார் வைத்தது புதன்கிழமை. சரியாக மூன்று நாள்!

அதற்கப்புறம் அப்பாயி பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ஆர்டர் போட, பி.காம். படித்த நானும் பி.இ. படித்த அவனும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தோம்.

முதல் கேஸ், குக்கர். உள்ளே அடிப்பக்கம் கன்னங்கரேல். ரூம்மேட் கம்பி நாரை வைத்துக்கொண்டு அதோடு மல்யுத்தம் நடத்திக்கொண்டிருந்தான்.

"அதை எதுக்குடா சொரண்டுறே? ரசத்துக்குக் கரைச்ச புளிச்சக்கை இருக்குல்ல, அதைப் போட்டுத் தண்ணி ஊத்திக் கொதிக்க வையி."

கால் மணி நேரம் கொதித்தது. கவிழ்த்துப் பார்த்தால், பளபள! அலுமினியத்தில் தண்ணீரை வைத்து வைத்துக் கொதிக்க விட்டால் மேலே கறுப்பாக ஒரு படலம் கட்டிவிடும். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. இனிமேல் அரிசி வைக்கும்போதெல்லாம், அடியில் ஊற்றுகிற தண்ணீரில் ஒரு துண்டு எலுமிச்சைத் தோலைப் போட்டுவிட்டால் கறுக்கவே கறுக்காதாம். அப்பாயி கடையில் வாங்கச் சொன்னது எதுவுமே இல்லை. குப்பைக்குப் போகிற ஆட்களாகப் பிடித்துப் பிடித்து வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்தது குழாய். போர் தண்ணீர் உபயத்தில் அதன் மூக்கில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் படிவம். பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியைக் குழாய் வாயில் அரை மணி நேரம் கட்டிவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். உதிர்ந்துவிட்டது.

மஞ்சள் கறை விஷயத்தை மட்டும் ஆபீஸ் போகிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ரூம்மேட்டின் வெள்ளைச் சட்டையில் ஓட்டல் சாம்பார் கொட்டிவிட்டது. சோப்பு போட்டான். மஞ்சள் கறை குங்குமச் சிவப்பாக மாறியது. "ஐயோ, போச்சு!" என்று கத்தினான். அப்பாயி அசரவில்லை.

"சோப்பு பட்டா மஞ்சள் செவக்கத்தான் செய்யும். ஆரத்தி கரைச்சுப் பாத்ததில்ல? நல்லா அலசி மாடியில வெயில்ல போடு. மிச்சத்தைச் சூரியன் பாத்துப்பாரு."

ஆரத்தியில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே கதைதான். சோப்பும் காரம், சுண்ணாம்பும் காரம். மஞ்சளின் நிறம் காரம் பட்டால் சிவக்கும், தண்ணீரில் நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகும். அந்த நிறத்துக்கு வெயில் ஆகாது. இரண்டு மத்தியானம் காய்ந்ததும் கறை இருந்த இடமே தெரியவில்லை. தெரியாமல் பயந்து பிளீச் ஊற்றியிருந்தால் சட்டையே போயிருக்கும்.

இரும்பு தோசைக்கல்லை டிஷ்வாஷ் போட்டுத் தேய்த்து, ஈரத்தோடு கவிழ்த்து வைத்திருந்தோம். துரு. அதைத் தடவிப் பார்த்தபோதுதான் அப்பாயிக்கு உண்மையாகவே வருத்தம். அரை வெங்காயத்தைக் கத்தியில் குத்தி, நல்லெண்ணெயில் தொட்டு, சூடான கல்லில் தேய்த்துத் தேய்த்து நாலு நாளில் மறுபடி பழக்கினோம். அரிசி டப்பாவுக்கு நிழலில் காயவைத்த வேப்பிலை.

எல்லாம் சரி, அப்பாயிக்கும் ஒரு இடத்தில் சறுக்கியது. ஹால் வாசற்படி மார்பிளில் ஒரு காபிக் கறை. "எலுமிச்சை மூடியால தேயி" என்றாள். தேய்த்தேன். காபி போய்விட்டது; கூடவே பாலிஷும் போய், உள்ளங்கை அகலத்துக்குத் திட்டாக மங்கிவிட்டது! அப்புறம்தான் உறைத்தது. குழாயில் இருந்த வெள்ளைப் படிவமும் மார்பிளும் ஒரே குடும்பம், இரண்டுமே கால்சியம் கார்பனேட். எலுமிச்சை இரண்டையும்தான் கரைக்கும். பாவம், கும்பகோணத்து வீட்டில் சிவப்பு சிமென்ட் தரை. மார்பிளோடு அப்பாயிக்குப் பழக்கமில்லை.

"இது என்னடா, கல்லா, சோப்புக்கட்டியா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஹவுஸ் ஓனரிடமிருந்து போன்... 'நாளைக்குக் காலையில் வீட்டைப் பார்க்க வருகிறேன்.' எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரூம்மேட்டுக்கோ வீரம் வந்துவிட்டது. அப்பாயியைக் கேட்காமலே பாத்ரூமுக்குள் போய், பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவி, அதன் மேல் டாய்லெட் ஆசிட்டை ஊற்றினான். ஒன்று போட்டாலே சுத்தமாகும், இரண்டும் சேர்ந்தால் டபுள் எஃபெக்ட் என்பது அவன் கணக்கு.

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூக்கைப் பிய்க்கிற நெடி. உள்ளே அவன் இருமுகிற சத்தம்.

"டேய், ரெண்டையும் கலந்துட்டானா? வெளிய வாடா மொதல்ல!"

ஒரு வாரமாகக் கையைப் பிடித்தே நடந்த அப்பாயி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவன் பனியனைப் பிடித்து இழுத்துவந்து மாடிப்படியில் தள்ளினாள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று நான் உள்ளே போகப் பார்த்தேன். என் சட்டைக் காலரும் அவள் கையில்! மூன்று பேரும் தெருவில் நின்றோம்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915-ல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில் ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதைத்தான். நாங்கள் அதை நாலுக்கு ஆறு பாத்ரூமில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு தயாரித்திருக்கிறோம். ஆசிட்டுக்குப் பதிலாக வினிகர், எலுமிச்சை, புளி சேர்ந்தாலும் ஆபத்துதான். மாட்டிக்கொண்டால் அங்கே நிற்காமல் காற்றாட வெளியே வந்துவிட வேண்டும். கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இருமல் நிற்கவில்லை என்றால் உடனே டாக்டர்.

அவனுக்கு நிற்கவில்லை. ராத்திரி பதினோரு மணி வரை கிளினிக்கில் மூக்கில் மாஸ்க்கோடு படுத்திருந்தான். எனக்கோ அவனைவிட அப்பாயியின் கண்ணை நினைத்துத்தான் உதறல். ஆபரேஷன் பண்ணி ஒரு வாரம்தானே ஆகிறது? கண் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, அந்த ராத்திரியிலேயே ஆட்டோ பிடித்துப் போய்க் காட்டினோம். டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, "ஒண்ணும் ஆகலை" என்று சொல்கிற வரை எனக்கு மூச்சு வரவில்லை.

"எப்படி அப்பாயி, வாசனையை வெச்சே கண்டுபிடிச்சே?"

"பஞ்சாயத்துல கெணத்துக்கு மருந்து போடுவானுங்க, அந்த வாடை எனக்குத் தெரியாதா? இது அதைவிடப் பத்துப் பங்கு. ஒண்ணைப் போட்டுத் தேச்சா, தண்ணி ஊத்திக் கழுவி விட்டுட்டுத்தான்டா அடுத்ததை எடுக்கணும். கொழம்பையும் பாயாசத்தையும் ஒரே சட்டியிலயா வெப்பே?"

ஆட்டோவில் வரும்போது மெதுவாகக் கேட்டேன், "நாளைக்கு ஓனர் வராரு. அந்த மார்பிளை என்ன பண்றது?"

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அப்பாயி கொஞ்சம் யோசித்தாள்.

"அதும்மேல ஒரு கால்மிதியைப் போட்டுடு."

காலையில் ஓனர் வந்தார். கால்மிதியில் நின்று காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே தம்பி, வீட்டை நல்லா வெச்சிருக்கீங்க!"