பன்னீர் திராட்சைக்கு ஒரு தீவுச் சொந்தம்

பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டிக்காரரிடம் பன்னீர் திராட்சை வாங்கித் தின்று, கொட்டையைத் துப்பிவிட்டுப் போகிறவர்கள்தான் நாம். இந்தக் கருப்புப் பழத்துக்கு ஒரு எரிமலைத் தீவில் வெள்ளைச் சொந்தக்காரன் இருக்கிறான் என்றால் நம்புவீர்களா?

பன்னீர் திராட்சையின் இங்கிலீஷ் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். டி.என்.ஏ. சோதனையில் இதன் பெற்றோரில் ஒன்று 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா' என்ற வெள்ளை ரகம் என்று தெரிந்தது. அந்த வெள்ளை ரகம் பேர்போனது இத்தாலியின் பாந்தெலேரியா தீவில். சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவே கிடக்கும் எரிமலைத் தீவு அது. அங்கே இதற்குப் பெயர் சிபிப்போ.

சிவில் பிரிவு நண்பர்கள் இனி கவனிக்கவும். மேகமலைக்கு அந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி பக்கம் போனால் கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் பந்தல் போட்டிருப்பார்கள். கொடி மேலே; குலை கீழே. இதே பந்தலைப் பாந்தெலேரியாவில் போட்டால் காற்று பிய்த்து எறிந்துவிடும்! ஆறும் கிடையாது. ஆகவே குழி பறித்து, அதற்குள் செடியை நட்டு, குட்டையாகவே கவாத்து பண்ணுகிறார்கள். காற்று தலைக்கு மேல் போய்விடும், மழைத்தண்ணீர் குழியில் சேரும். இந்த முறையை 2014-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே குளிர்காலத்தில் செடி தூங்கும். வருஷத்துக்கு ஒரே அறுப்பு. நம்ம கம்பத்தில் தூக்கம் ஏது? கவாத்து பண்ணினால் துளிர்க்கும், சுமார் நாலு மாசத்தில் பழம். ஆளுக்கு ஒரு சமயம் கவாத்து பண்ணுவதால் வருஷம் பூராவும் எந்தத் தோட்டத்திலாவது அறுப்பு நடக்கும். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் தோல் மெலிசு. விலை ஏறட்டும் என்று அறுத்த பழத்தை வைத்திருக்க முடியாது. அறுப்பு சமயம் மழை பிடித்தால் பழம் வெடித்து அழுகும்; அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை. தீவுக்காரருக்கு இந்த அவசரம் குறைவு. பழத்தை வெயிலில் காயவைத்து 'பாசிட்டோ' என்ற இனிப்பு வெள்ளை ஒயின் ஆக்கி பாட்டிலில் அடைத்துவிடுகிறார். கருப்புப் பழத்திலும் வெள்ளை ஒயின் எடுக்கலாம். நிறமெல்லாம் தோலில்தான்; தோல் ஊறுமுன் பிழிந்தால் போதும். (ஹாஸ்டல் வார்டன் அவர்களே, இது தகவலுக்காக மட்டும்!) என்னைக் கேட்டால் நமக்கு ஒயின்கூட வேண்டாம். ஜூஸ், ஸ்குவாஷ் போடும் யூனிட்டுகள் தோட்டத்துப் பக்கத்திலேயே வந்தால் மழை நாளிலும் விவசாயி கொஞ்சம் பேரம் பேசலாம்.

இதில் தாயில்பட்டிக்காரர்களான நமக்கும் தெரிந்த சரக்கு ஒன்று உண்டு: கந்தகம்! பட்டாசு மருந்தில் சேருகிற அதே கந்தகம்தான், 1840-களில் ஐரோப்பாவின் திராட்சையைச் சாம்பல் நோய் தாக்கியபோது கைகொடுத்தது. இன்றும் அந்த நோய்க்கு அதுதான் மலிவான மருந்து. கந்தகம் எரிந்தால் மூக்கைத் துளைக்கிற சல்ஃபர் டை ஆக்சைடு, துளி அளவில், வெள்ளை ஒயின் பழுப்பேறாமல் காக்கிறது. எலுமிச்சை ஸ்குவாஷுக்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் வழியாக அதுவே காவல். பன்னீர் திராட்சை ஸ்குவாஷுக்கு மட்டும் ஆகாது, நிறத்தை வெளுத்துவிடும். அதற்குச் சோடியம் பென்சோயேட்தான் போட வேண்டும்.