கடலைப் பார்த்தபடி வீடு கட்ட ஆசையா? மனை வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஜன்னலைத் திறந்தால் கடல், மாடியில் நின்றால் காற்று. கிழக்கு கடற்கரைச் சாலையில் இப்படி ஒரு வீடு பலரோட கனவு. ஆனால், வீட்டுக்கு பிளான் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கு.

எங்கே கட்டலாம்?

கடலின் உயர் அலைக் கோட்டில் இருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். நகர்ப்பகுதி என்றால், ஏற்கெனவே உள்ள சாலை அல்லது அனுமதி பெற்ற கட்டடத்துக்கு நிலப்பக்கம்தான் கட்டலாம். ஊரகப் பகுதியில் 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டரில் புது வீடு கூடாது. 2019 அறிவிக்கையில், மக்கள் நெருக்கம் அதிகமுள்ள இடங்களுக்கு மட்டும் இது 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. உங்க மாவட்டத்துக்கு எந்த வரைபடம் நடைமுறையில் இருக்குன்னு சர்வே எண்ணோடு கேட்டுப் பாருங்க.

பஞ்சாயத்து அனுமதி போதாதா?

போதாது. கொச்சி அருகே மரடுவில் நீர்நிலையோரம் எழுந்த 4 அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு உள்ளாட்சி அனுமதி இருந்தது. ஆனாலும், கடலோர விதிமீறல் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. குடியிருந்தவர்கள் வீட்டை இழந்தார்கள்.

உப்பு என்ன செய்யும்?

உப்புக்காற்றில் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், கான்கிரீட் வெடிக்கும். அதனால்தான் கடலோரக் கட்டடத்துக்கு குறைந்தது எம்30 தர கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் வேண்டும் என்கிறது ஐஎஸ் 456 விதி. கடல்நீர் தெறிக்கும் இடம் என்றால் எம்35, 50 மி.மீ. கலவைக்கும் க்யூரிங்குக்கும் உப்புத் தண்ணி வேண்டவே வேண்டாம். போர் தண்ணியை முதலில் டெஸ்ட் பண்ணிடுங்க.

டிசைனில் என்ன கவனிக்கணும்?

- தரைத்தளத்தைத் தூண்கள் மட்டும் வைத்து காலியாக விட்டால், வெள்ளம் வந்தாலும் அடியில் ஓடிவிடும். மின் மீட்டர், இன்வெர்ட்டர் மேலே இருக்கட்டும்.
- பெரிய கண்ணாடிக்கு டஃபன்டு கிளாஸ், புயல் நாளுக்கு ஷட்டர் அவசியம்.
- சாதாரண இரும்பு கிரில் சீக்கிரமே துருப்பிடிக்கும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீடிக்கும்.
- மணல்மேட்டை சமப்படுத்தாதீங்க. அலைக்கு முதல் தடுப்பு அதுதான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், உயர் அலைக் கோடு குறிக்கப்பட்ட வரைபடத்தைக் கேளுங்க. விற்பவர் தயங்கினால், நீங்களும் தயங்குவதே நல்லது.