மஞ்சூரியன் கோழியின் பூர்விகம்

அந்தி வேளையில் தருமபுரி, அரூர், பாலக்கோடு கடைவீதிகளில் பொட்டலமாக வாங்கிவந்து நம் குழந்தைகள் பிரியத்துடன் உண்ணும் சிக்கன் மஞ்சூரியனைச் சீன தேசத்துப் பண்டம் என்றே நாம் கருதிவந்தாலும், அது கல்கத்தாவில் பிறந்த சீன வம்சத்தவரான நெல்சன் வாங், 1975-ஆம் ஆண்டு பம்பாயில், கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் சமையற்கூடத்தில், நமக்குப் பரிச்சயமான இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயோடு சோயா சாஸைக் கூட்டி உருவாக்கியதாகப் பிரசித்தி பெற்ற பாரத தேசத்துப் பதார்த்தமே ஆகும்.

ஆகையால் அதை நம் இல்லத்து அடுப்பில் ஆக்குவது அசாத்தியமான காரியமன்று. எலும்பில்லாத கோழித்துண்டுகளை முட்டையும் கார்ன்ஃப்ளவர் மாவும் சேர்த்துப் பிசறி, உள்ளே நன்கு வேகும்படி பொரித்து வைத்துக்கொண்டு, வேறொரு வாணலியில் பொடியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயைப் பெருந்தீயில் வதக்கி, சோயா சாஸும் சிறிது நீரும் விட்டு, குளிர்ந்த நீரில் கரைத்த அதே மாவை ஊற்றிக் கிளறி, சாறு பளபளப்புடன் கெட்டிப்படும் தருணத்தில் துண்டுகளைப் போட்டுப் புரட்டி இறக்க வேண்டும். மாவை வெந்நீரில் கரைத்தால் கட்டிதட்டிப் போகும் என்பதே இதன் சூட்சுமம்.

சோயா சாஸில் உப்பு மிகுதியாதலால், ருசி பார்த்த பின்னரே உப்பிடுங்கள். செயற்கைச் சிவப்பு வண்ணத்தை அறவே தவிர்த்திடுங்கள்.