ஆனந்தின் மெரான் ஆட்டம்

நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ ஊரில் 2013 ஜனவரியில் நடந்த டாடா ஸ்டீல் போட்டியில், அன்றைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த், ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனைக் கறுப்புக் காய்களுடன் 23 நகர்த்தல்களில் வென்றார். மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த ஆனந்தின் ஆட்டங்களிலேயே அழகானது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

தொடக்கம் செமி ஸ்லாவ். அதில் மெரான் என்னும் கிளை. செமி ஸ்லாவில் கறுப்பு தன் சிப்பாய்களை டி5, சி6, இ6 கட்டங்களில் முக்கோணமாக நிறுத்தும். அரண் உறுதியானது. ஆனால் சி8இல் உள்ள பிஷப்புக்கு வழி அடைபட்டுவிடும். மெரான் அந்த வழியைத் திறக்கிறது. வெள்ளையின் பிஷப் டி3க்கு வந்த பிறகே கறுப்பு சி4 சிப்பாயை வெட்டும். வெள்ளை பிஷப் அதை மீட்க, கறுப்புச் சிப்பாய் பி5க்கு முன்னேறி அந்த பிஷப்பை விரட்டும். வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் வீண். கறுப்பு பிஷப்புக்கோ பி7 கட்டம் கிடைக்கிறது. பிறகு சி5 தள்ளினால் அதன் பார்வை நேராக வெள்ளை ராஜா பக்கம் பாயும். இத்தாலியின் மெரானோ நகரில் 1924இல் குரூன்ஃபெல்டுக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன் இதை ஆடியதால் இந்தப் பெயர். 2008இல் பான் நகரில் கிராம்னிக்குடன் நடந்த உலக சாம்பியன் போட்டியிலும் ஆனந்த் கறுப்புடன் வென்ற 3, 5ஆம் ஆட்டங்கள் மெரான்தான்.

அரோனியன் 13ஆம் நகர்த்தலில் குதிரையால் எச்7 சிப்பாயை வெட்டினார். அந்தக் குதிரையை ஆனந்த் தொடவில்லை. தன் குதிரையை ஜி4க்குப் பாய்ச்சினார். 15இல் பிஷப்பைச் சிப்பாயின் வாயிலேயே சி5இல் வைத்தார். அடுத்து இன்னொரு குதிரை இ5க்கு! அதைச் சிப்பாயால் வெட்டினால், ராணி டி4இல் செக் வைத்து, ஜி1இல் தன்னையே பலி கொடுக்கும். யானை அதை வெட்டியதும் எஃப்2 குதிரை மேட் செய்துவிடும். அரோனியன் அதில் சிக்கவில்லை. மாற்று வழியில் ஒரு யானையையும் வெட்டினார். பயனில்லை. 23இல் ஆனந்தின் பிஷப் இ3க்கு வந்து, எச்3ஐக் காத்த ராணியின் வழியை மறித்தது. அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த யோசனை 2012இல் கெல்ஃபாண்டுடனான உலக சாம்பியன் போட்டிக்குத் தயாரித்தது என்று ஆனந்த் பின்னர் சொன்னார். இரு பிஷப்பும் குதிரைகளும் ராஜாவைச் சூழும் இந்தக் காட்சியை, 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டைன் வென்ற ஆட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள். பலகையில் காய்களை அடுக்கி இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடிப் பாருங்கள்.