துணியில் எழுந்து நிற்கும் இலை

இளம்பிள்ளையிலும் இராசிபுரத்திலும் குமாரபாளையத்திலும் தறியின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாவு எது, ஊடை எது என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிவே பூத்தையலில் ஒரு நுட்பமான வேலைக்கும் அடிப்படையாகிறது. ‘நெய்த இலை’ என்னும் தையல் அது. சாதாரண இலைத் தையல் துணியோடு படிந்து கிடக்கும். இதுவோ அடியில் மட்டும் துணியைப் பற்றிக்கொண்டு, நுனி எழும்பி, செடியின் இலை போலவே நிற்கும்.

இதற்கு வேண்டியவை வளையத்தில் இறுக்கிய துணி, முறுக்கேறிய தடித்த நூல், ஓர் ஊசி, ஒரு குண்டூசி ஆகியவையே. முதலில் 1 சென்டிமீட்டர் நீளத்தில் அடிக்கோடு இட்டு, அதன் நடுவுக்கு நேர் மேலே 2 சென்டிமீட்டர் தள்ளி நுனிப்புள்ளி வைக்கவேண்டும். குண்டூசியை அப்புள்ளியில் குத்தி, அடிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வெளிவரச் செய்தால் அதன் தலை நுனியில் நிற்கும். கோட்டின் இடக்கோடியில் நூலை மேலே எடுத்து, குண்டூசித் தலையைச் சுற்றி, வலக்கோடியில் இறக்குக. பின் கோட்டின் நடுவில் எடுத்து மீண்டும் தலையைச் சுற்றினால் மூன்று இழைகள் அமையும். இவையே பாவு.

இனி அதே நூல் ஊடையாகிறது. நுனியிலிருந்து அடி நோக்கி, ஓர் இழைக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக நெய்து, திரும்பும்போது மாற்றி நெய்யவேண்டும். ஊசியின் காதுப்புறத்தை முன்னே செலுத்தினால் துணியும் இழையும் குத்துப்படா. ஒவ்வொரு வரியையும் நுனிப்பக்கம் நெருக்கிவிடுதல் அவசியம். நெருக்காவிடில் இலை தொய்யும்; ஓரத்தில் மிகுதியாக இழுத்தால் இடை ஒடுங்கும். அடிக்கோட்டை அடைந்ததும் நூலைப் பின்புறம் இறக்கி முடிந்து, குண்டூசியை உருவிவிடலாம்.

இதனால் பயன் என்ன என்று உறுப்பினர்கள் கேட்கலாம். படிந்த பூ வேலையைப் பொறி விரைவில் முடித்துவிடுகிறது. எழும்பி நிற்கும் இலையை நெய்வதில் கைக்கே மேன்மை உண்டு. மணப்பெண்ணின் இரவிக்கைக்கு இத்தகைய வேலையை விரும்புவோர் பலர். ஆயினும் கூலி பேசும்போதுதான் பெண்கள் ஏமாறுகின்றனர். ஓர் இலைக்கு 10 நிமிடம் எனக் கொண்டால் 30 இலைகளுக்கு 5 மணி நேரம் செல்லும். எனவே கடிகாரம் பார்த்து நேரத்தைக் குறித்து, நூல் விலையையும் சேர்த்துக் கூலி கேட்கவேண்டும்.

தனியாகக் கேட்பதினும் குழுவாகக் கேட்பது நன்று. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம், அக்காலத்தில் நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்துக்கு 1991-92இல் வந்தது. அக்குழுக்களின் வழியே கூலியை ஒரே அளவாக நிறுத்தலாம்.

ஊராட்சி உறுப்பினர்கள் சமுதாயக் கூடத்தில் பகல் வெளிச்சம் நன்கு விழும் இடத்தை வாரம் இரு பிற்பகல் ஒதுக்கித் தரலாம். மங்கிய விளக்கில் இவ்வேலை கண்ணை வருத்தும். உழவர் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிலக்கடலை பறிப்பும் மரவள்ளி அறுவடையும் இல்லாத நாட்களில் மனைவியும் மகளும் ஊசி எடுக்கும் அந்த இரண்டு மணி நேரம், மாட்டுக்குத் தீவனமும் தண்ணீரும் வைக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.